பாய் விரிந்த வேளையில் விசிறியின் நிலை
(முதுகுளத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வானத்தையும் கண்மாயையும் நம்பி வாழும் சீமையில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று எவரேனும் ஐயுறுவரானால், முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதி கமுதியோடு நின்றுவிடாமல், கடலாடி வழியாகத் தெற்கே நீண்டு, வாலிநோக்கம், மூக்கையூர், நரிப்பையூர் ஆகிய ஊர்களில் மன்னார் வளைகுடாவின் அலையைத் தொட்டு நிற்கிறது என்பதை நினைவூட்டுவதே போதுமான சமாதானமாகும். பாயும் இஞ்சினும் ஒருங்கே பெற்ற மரக்கலம் ஒன்று, இஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயின் வலியினால் மட்டும் ஓடும்போது, நீருக்கடியில் வேலையற்று நிற்கும் அதன் புரொப்பெல்லரை, நம்மவர் வழக்கில் சொன்னால் அதன் விசிறியை, என்ன செய்வது, அதனோடு இணைந்த கியர்பெட்டியை எந்த நிலையில் வைப்பது என்பதே நான் எடுத்துக்கொண்ட விஷயம். இதன் பின்னே பணமும், டீசலும், சில சந்தர்ப்பங்களில் உயிரும் அடங்கியிருக்கின்றன.

பாயையும் இஞ்சினையும் ஒன்றுக்கொன்று பகையென்று கருதும் பழக்கம் நம்மிடையே ஊறிவிட்டது. ஆனால், சட்டம் வகுத்தோர் அவ்வாறு கருதவில்லை. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம், பாயின் துணைகொண்டே ஓடுதற்குப் போதிய அளவு பாய் விரிக்கும் எந்தக் கலத்தையும், அதில் இயந்திரம் பொருத்தியிருந்தாலும் இல்லாவிட்டாலும், பாய்க்கலம் என்றே வரையறுத்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணிகள் இஞ்சின் ஏறிய பின்னும் பாய்க்கலம் என்ற பெயரை இழக்கவில்லை. கடலில் கலங்கள் ஒன்றையொன்று கடக்கும் முறையைக் கூறும் 1972-ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளோ இன்னும் நுட்பமானவை: இஞ்சின் இருப்பதனால் மட்டும் ஒரு கலம் இஞ்சின் கலமாகிவிடாது, அதைக் கலம் ஓட்டப் பயன்படுத்தும்போதுதான் அப்படி ஆகும். ஆகவே, ஒரே கலம் ஒரே நாளில் இரண்டு ஜாதியாக மாறி மாறி ஓடுகிறது. அந்த மாற்றம் நிகழும் கணத்தில் கலத்தை நடத்தும் தண்டல் செய்யவேண்டிய காரியத்தைத்தான் நாம் ஆராயப்போகிறோம்.

முதலில் நஷ்டம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். கணக்கு இல்லாமல் கடல் சாஸ்திரம் இல்லை. பதினாறு அங்குல விட்டமுள்ள மூன்று இலை விசிறி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுற்றும் வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 1,300 சதுர சென்டிமீட்டர். அதில் பாதியை இலைகள் மூடுகின்றன என்று வைத்துக்கொண்டால், சுழலாமல் இறுகி நிற்கும் அந்த விசிறி, கலம் 3 நாட் வேகத்தில் செல்கையில் ஏறக்குறைய 8 கிலோ எடைக்குச் சமமான இழுப்பைப் பின்னோக்கிக் கொடுக்கும். இருபது சதுர மீட்டர்ப் பாய் ஒன்று 10 நாட் காற்றில் முன்னோக்கித் தருவதோ சுமார் 30 கிலோ. அதாவது, காற்று கொடுத்ததில் நாலில் ஒரு பங்கை வேலையற்று நிற்கும் ஒரு பித்தளைத் துண்டு தின்றுவிடுகிறது. ஓட்டமாக ஓடும் வண்டிமாட்டின் பின்னே ஒரு பனந்துண்டைக் கட்டி இழுக்கவிட்டது போன்ற நிலை. வேகம் கூடக்கூட இந்த இழுப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும். 5 நாட்டில் அது 20 கிலோவையும் தாண்டும். மென்காற்று வீசும் நாட்களில், வாடையும் கச்சானும் ஓய்ந்து கடல் எண்ணெய் போல் கிடக்கும் இடைக்காலத்தில், இந்த நாலில் ஒரு பங்குதான் கலம் நகர்கிறதா, நிற்கிறதா என்பதை நிர்ணயிக்கிறது.

இந்த உண்மையை முன்னோர் அறியாதவர்களல்லர். ஆங்கிலேயக் கடற்படை 1860-இல் நீரில் இறக்கிய ‘வாரியர்’ என்னும் இரும்புப் போர்க்கப்பல், நீராவி இஞ்சினையும் பாயையும் ஒருங்கே கொண்டது. பாயில் ஓட உத்தரவு பிறந்தவுடன், அதன் 26 டன் எடையுள்ள விசிறியைக் கப்பலின் பின்புறத்திலுள்ள கிணறு போன்ற குழி வழியே மேலே தூக்கிவிடுவார்கள். அதற்கு அறுநூறு பேர் கயிறு பிடிக்க வேண்டியிருந்தது. வேலையில்லாத விசிறியை நீரில் விட்டுவைப்பதைவிட அறுநூறு ஆட்களைக் கொண்டு அதைத் தூக்குவது லாபம் என்று ஒரு பெரிய கடற்படை தீர்மானித்ததென்றால், அந்த இழுப்பின் வலிமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1901-இல் கேப்டன் ஸ்காட் தென்துருவப் பிரதேசத்துக்குச் சென்ற ‘டிஸ்கவரி’ கப்பலுக்கும் தூக்கக்கூடிய விசிறியே இருந்தது.

இப்போது பிரதான கேள்விக்கு வருகிறேன். தூக்க வழியில்லாமல் கலத்தின் அடியில் நிலையாகப் பொருத்திய விசிறியைச் சுழலவிடுவதா, இறுக்கி நிறுத்துவதா? இந்த வினாவில் அனுபவசாலிகளும் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடியிருக்கிறார்கள். இறுக்கிவைப்பதே நல்லது என்ற கட்சியினர் காட்டும் யுக்தி சாதாரணமானதல்ல. ஸ்பெயின் தேசத்து யுவான் தெ லா சியெர்வா 1923-இல் பறக்கவிட்ட ஆட்டோஜைரோ என்ற ஊர்தியிலே, இஞ்சினோடு தொடர்பில்லாமல் காற்றினால் மட்டும் தானே சுழலும் இறக்கைகள் ஊர்தியையே தாங்கி நின்றன. அவை சுழலாமல் நின்றிருந்தால் ஊர்தி கல்போல விழுந்திருக்கும். ஆகவே, சுழலும் இலைதான் அதிகத் தடை தருமென்றும், விசிறியையும் நிறுத்திவிட வேண்டுமென்றும் அவர்கள் வாதிப்பார்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால், ஆட்டோஜைரோவின் இறக்கை ஏறக்குறையப் படுக்கையாகக் கிடப்பது. கலத்தின் விசிறி இலையோ நன்கு முறுக்கிச் சாய்த்து வார்க்கப்பட்டது. அந்தச் சாய்வினால் அது தன்னைத் தள்ளும் நீரோடு இணங்கிச் சுழன்று, அதற்கு வழிவிட்டு ஒதுங்குகிறது. இறுக்கி நிறுத்தினாலோ, ஓடும் நீருக்கு எதிரே மார்பு கொடுத்து நிற்கும் பலகையாகிவிடுகிறது.

வாதம் வாதமாகவே நின்றிருந்த இந்த விஷயத்தைக் கிளாஸ்கோ நகரின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் சோதனைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து, 2008-இல் வெளியிட்டார்கள். இறுக்கி நிறுத்திய விசிறியே சுழலவிட்ட விசிறியைவிட அதிகத் தடை தருகிறது என்றும், அந்த வித்தியாசம் உயர்ந்த வேகங்களில் 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ வரை போகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: விசிறியைத் தாங்கும் தண்டு தாராளமாகச் சுழலவேண்டும். நீர் உட்புகாமல் தடுக்கும் கிளாண்டு இறுகிக் கிடக்கும் தண்டு, கொட்டலசு படிந்த விசிறி, கியர்பெட்டிக்குள் உறைந்த எண்ணெய், இவை அரைகுறையாகச் சுழலும் விசிறியை உண்டாக்குமே தவிர, இந்தச் சோதனையில் கண்ட லாபத்தை உண்டாக்கமாட்டா.

அப்படியானால் நியூட்ரலில் போட்டுச் சுழலவிடுவதுதான் முடிவா? வேகத்தை மட்டும் கருதினால் ஆம். ஆனால், கியர்பெட்டியையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமல்லவா? இங்கேதான் நம் மெக்கானிக்குகளும் தண்டல்களும் ஒருவரையொருவர் கலக்காமலே காரியம் செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். சிறு இஞ்சின்களோடு வரும் கியர்பெட்டிகள் எல்லாம் ஒரே குணமுடையவையல்ல. ஜப்பானிய யான்மார் கம்பெனியார் தங்கள் சிறு பெட்டிகளைப் பாயில் ஓடும்போது நியூட்ரலிலேயே வைக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள்; கியரில் போட்டு விசிறியை நிறுத்தினால் அவற்றின் கூம்பு வடிவக் கிளட்ச் தேய்ந்து கெடும். ஹூர்த் என்னும் பெயரால் வழங்கிய ஜெர்மானிய இயந்திர வகைப் பெட்டிக்கோ வேறு விதி: அதை ரிவர்ஸ் கியரில் போட்டு விசிறியை நிறுத்திக்கொள்ளலாம், முன்கியரில் மட்டும் ஒருபோதும் போடலாகாது.

இந்த விசித்திர விதியின் காரணத்தைச் சற்று நின்று விளங்கிக்கொள்வது நல்லது. ஏனென்றால், காரணம் தெரிந்தவன் விதியை மறக்கமாட்டான். கலம் பாயில் முன்னோக்கிச் செல்கையில், நீர் விசிறியை முன்கியரில் இஞ்சின் சுற்றும் அதே திசையில் சுற்ற முயல்கிறது. அந்தப் பெட்டியின் கிளட்ச், தன்மீது பாரம் ஏறும்போது அந்தப் பாரத்தினாலேயே மேலும் இறுகிப் பிடிக்கும்படி அமைந்தது. ஆனால், பாரம் உரிய திசையிலிருந்து வந்தால்தான் பிடி இறுகும். முன்கியரில் நீர் கொடுக்கும் முறுக்கம், இஞ்சினிலிருந்து விசிறிக்குச் செல்லாமல், விசிறியிலிருந்து இஞ்சினுக்குத் திரும்பி ஏறுகிறது. பிடி இறுகாமல் நழுவுகிறது, நழுவத் தேய்கிறது, தேயச் சூடாகிறது. ரிவர்ஸ் கியரில் போட்டாலோ, ரிவர்ஸில் ஓடும் விசிறி தன் பெட்டிக்கு இயல்பாகக் கொடுக்கும் எதிர்ப்பாரத்தின் திசையும், நீர் இப்போது கொடுக்கும் முறுக்கத்தின் திசையும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன; ஆகவே, கிளட்ச் உறுதியாகப் பிடித்து நிற்கிறது. முன்னே போகும் கலத்துக்குப் பின்கியர் என்பது கேட்கும்போது தலைகீழாகத் தோன்றினாலும், இயந்திரத்தின் நியாயம் அதுவே.

எண்ணெயழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பெட்டிகள் மூன்றாவது வகை. இஞ்சின் நின்றுவிட்டால் அவற்றின் பம்ப்பும் நின்றுவிடுவதால், கோலை எந்தக் கியரில் தள்ளினாலும் கிளட்ச் பிடிக்காது; விசிறி தன்போக்கில் சுழன்றுகொண்டுதான் இருக்கும். அந்தப் பம்ப்பே பேரிங்குகளுக்கு எண்ணெய் தருவது என்றால், இரவு முழுவதும் பாயில் ஓடும் கலத்தில் அவை எண்ணெயின்றி வறண்டு சுழல்கின்றன. சில பெட்டிகளில் அடியிலுள்ள எண்ணெயைப் பல்சக்கரங்களே வாரித் தெளித்துக் காப்பாற்றும், அவற்றுக்குப் பயமில்லை. மற்றவற்றுக்கு, இத்தனை மணிக்கு ஒருமுறை இஞ்சினைச் சில நிமிஷம் ஓட்டும்படியோ, தண்டைப் பூட்டிவைக்கும்படியோ தயாரிப்பாளர் விதித்திருப்பர். கியர்பெட்டி வாங்கும்போது விலையையும் குதிரைசக்தியையும் விசாரிக்கும் நம்மவர், ‘இஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயில் ஓடினால் இது என்ன நிலையில் இருக்கவேண்டும்?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுதான் என்று நான் சொல்வேன். கியர்பெட்டியே இல்லாமல் இஞ்சினோடு நேராகத் தண்டை இணைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே டீசல் இஞ்சினின் அழுத்தமே விசிறியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஆனால், வேகநஷ்டம் முழுவதும் அவர்களைச் சேர்ந்தது.

தண்டைப் பூட்டுவோர் கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. இரண்டு இலை விசிறியானால், இலைகள் மேலும் கீழுமாகச் செங்குத்தாக நிற்கும்போது, கலத்தின் அடிமரமான ஏராக்கட்டையின் முடிவில் நிற்கும் மரத்தின் மறைவில் அவை ஒடுங்கிவிடுகின்றன. தடை வெகுவாகக் குறைகிறது. நீருக்கடியில் இருப்பதை மேலிருந்து எப்படி அறிவது? கலம் கரையில் ஏறியிருக்கும்போது இலையைச் செங்குத்தாக நிறுத்தி, கலத்தினுள்ளே இஞ்சினுக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இணைப்புத் தட்டின் உச்சியில் வெள்ளைப் பெயிண்டினால் விரலகலத்துக்கு ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். கடலில் இஞ்சினை நிறுத்திய பிறகு, பலகையைத் தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கோடு உச்சிக்கு வரும்வரை தண்டைக் கையால் திருப்பிப் பூட்டினால் போதும். ஆனால், தண்டு சுழன்றுகொண்டிருக்கும்போது எவரும் பூட்ட முயலக்கூடாது. பாயைத் தளர்த்தி, கலத்தைக் காற்றுமுகமாகத் திருப்பி, சுழற்சி நின்றபின்தான் கை வைக்க வேண்டும். பூட்டியவர், அந்தச் செய்தி மற்றவருக்கும் தெரியும்படி கியர் கோலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும். பூட்டிய தண்டை மறந்து கியர் போட்டவன் கையில் மிஞ்சுவது உடைந்த பூட்டும் முறிந்த பல்சக்கரமுமே.

தண்டைப் பூட்டி ஓடுவதற்கு நம் கடலுக்கென்று ஒரு விசேஷக் காரணமும் இருக்கிறது. பாக் நீரிணையின் அடித்தளம் ஆழமற்றது, கடற்புல் அடர்ந்தது, இரவில் நீரெங்கும் வலை கிடப்பது. இஞ்சின் ஓசையின்றிப் பாயில் வரும் கலம், மற்றவன் விரித்த வலையின் மீது ஏறும்போது, சுழன்றுகொண்டிருக்கும் விசிறி அந்த வலையைச் சுருட்டிக் கட்டிக்கொள்ளும். வலைக்காரனுக்கும் நஷ்டம், கலத்துக்கும் ஆபத்து. ஆகவே, வலை கிடக்கும் பிரதேசத்தில், பெட்டியின் விதி இடங்கொடுக்குமானால், வேகம் சற்றுக் குறைந்தாலும் பூட்டி ஓடுவதே மேல் என்பது என் துணிபு. ஸ்ட்ராத்கிளைடு தொட்டியில் வலை கிடக்கவில்லை.

இலைகள் தாமே மடங்கிக்கொள்ளும் விசிறிகளும், நீரோட்டத்துக்கு விளிம்பு காட்டித் திரும்பிக்கொள்ளும் விசிறிகளும் மேல்நாடுகளில் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளன. மடங்கும் வகைக்கு, இஞ்சினை நிறுத்தியபின் சுழற்சி நிற்பதற்காக ஒரு கணம் ரிவர்ஸில் போட்டு, இலைகள் மடங்கியவுடன் நியூட்ரலுக்குத் திரும்பினால் போதும். 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்னும் பாய்க்கலத்தில் புறப்பட்டு, எட்டுத் திங்களில் உலகைச் சுற்றிவந்து 2025 மே 29-இல் கரையேறிய இரு கடற்படைப் பெண் அதிகாரிகளுள் ஒருவர் நம் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. மற்றவர் கோழிக்கோட்டுத் தில்னா. காற்றின் வலியினாலேயே உலகைச் சுற்றும் அத்தகைய பிரயாணத்தில், நீருக்கடியில் உள்ள ஒவ்வொரு தடையும் நாட்கணக்காகக் கூடிவிடும். ஆனால், பல கீல்களும் பற்சக்கரங்களும் கொண்ட அந்த விலையுயர்ந்த விசிறியை, மணலும் கொட்டலசும் நிறைந்த நம் கரையில் தினமும் மோதியிறங்கும் வல்லத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நமக்கேற்ற உபாயம் வேறொன்று; அது நம் மாநிலத் தலைநகரிலேயே உருவானது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில், கரையில் மோதியிறங்கும் படகுகளுக்கென்று ‘பாப்டிரைவ்’ என்ற அமைப்பை வகுத்தார்கள். டீசல் இஞ்சின், தண்டு, விசிறி மூன்றும் ஒரே அங்கமாகக் கோக்கப்பட்டு, நீர் புகாத ரப்பர் உறையினூடே, ஒரு அச்சில் சாய்ந்து எழும். அலையில் கரையேறும்போது விசிறி மணலில் இடிக்காதிருக்கவே முக்கியமாக அது வகுக்கப்பட்டது. ஆனால், பாய் விரிக்கும்போதும் விசிறியை நீரிலிருந்து விடுவிக்க அதே சாய்வு உதவும். அத்திட்டத்தின் படகுப் பொறியியலாளரான நார்வே நாட்டு குல்பிரான்சன், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருட் செலவைக் குறைக்கும் வழிகளைப் பற்றி 1986-இல் எழுதிய நூலில் பாயையும் ஒரு துணைச் சக்தியாக மதித்து ஆராய்ந்திருக்கிறார். வாரியர் கப்பலில் அறுநூறு பேர் செய்த வேலையை நம் கரையில் ஒருவர் செய்யும்படி ஆக்கியது அந்த அமைப்பு. இன்று நம் கரையெங்கும் காணும் லாங் டெயில் இஞ்சினும், வடிவில் முரடாக இருந்தாலும், இந்தக் குணத்தை உடையது: கைப்பிடியை அமுக்கினால் நீண்ட தண்டு நீரைவிட்டு எழுந்துவிடுகிறது. கியர்பெட்டி விசாரமே அங்கே இல்லை.

இதிலிருந்து நான் அடைந்த முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன். நம் கரையில் பாய் சுருங்கியதற்கு இஞ்சினின் வலிமை மட்டும் காரணமல்ல. 1952-இல் ஒப்பந்தமாகி அடுத்த ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டத்தார், முதலில் பழைய வள்ளங்களுக்கே இஞ்சின் பொருத்திப் பார்த்து, அது ஒவ்வாதென்று விட்டு, புதிய படகு கட்டத் தலைப்பட்டார்கள். அதன்பின் இஞ்சினுக்கேற்ற கலம் எது என்று கேட்டவர்கள் பலர். இஞ்சின் ஓய்ந்திருக்கும்போது கலம் எப்படி ஓடும் என்று கேட்டவர்கள் சிலரே. விசிறி நிரந்தரமாக நீரில் தொங்கும் கலத்தில் விரித்த பாய் நாலில் மூன்று பங்குப் பாய்தான். அதைக் கண்டு, ‘பாயினால் என்ன பிரயோஜனம்?’ என்று சலித்து, மரத்தையும் பருமலையும் கழற்றி வைத்தவன் மீது நான் குற்றம் காணவில்லை. ஓய்வுநிலையையும் சேர்த்து எண்ணாமல் இயந்திரம் வகுத்தவர்கள் மீதே காண்கிறேன்.

இனி, பாயிலிருந்து மறுபடியும் இஞ்சினுக்குத் திரும்பும் சந்தர்ப்பம். பாம்பன் கால்வாயை நெருங்கும் கலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் பாலம், மறுபுறம் பாறை, நடுவே பருவத்துக்குப் பருவம் திசைமாறி ஓடும் வெள்ளம். காற்று சட்டென்று விழுந்தால் பாய் அங்கே கைவிட்டுவிடும். ஆகவே, கால்வாயின் வாயில் வந்தபின் இஞ்சினைத் தேடாமல், அதற்கு வெகுமுன்பே, இடங்கொண்ட நீரிலேயே அதை எழுப்பவேண்டும். முதல் வேலை, பாயின் தாமான் கயிறு முதலாகக் கலத்துக்கு வெளியே தொங்கும் கயிறு எல்லாவற்றையும் உள்ளே வாரிக்கொள்வது; விசிறி முதலில் பிடிப்பது கவனிக்காத கயிற்றையே. பிறகு பூட்டை எடுத்து, துணியை அவிழ்த்து, ரிவர்ஸில் வைத்திருந்தால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, அதன் பின்னரே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ரிவர்ஸில் இருப்பதை மறந்து இஞ்சினை எழுப்பினால், முன்னோடும் கலம் திடீரெனப் பின்னிழுக்கப்படும். கிளம்ப மறுக்கும் இஞ்சினை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதும் தவறு. நீர் கலந்து புகை வெளிவிடும் இஞ்சின்களில், வெளியேற வழியில்லாத கடல்நீர் பின்வாங்கிச் சிலிண்டருக்குள் புகும். இஞ்சின் எழுந்து குளிர்நீர் வெளியே கொட்டுவதைக் கண்ணால் கண்டபின், வேகத்தைத் தணித்து, முன்கியரில் மெல்லப் பிடிக்க வேண்டும். நெடுநேரம் சுழலவிட்டு வந்த தண்டானால், கிளாண்டை ஒருமுறை தொட்டுப் பார்ப்பதும் அவசியம்: சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, கையில் குளிர்ச்சியாகப் படவேண்டும், சொட்டு நின்று சுடுமானால் பேக்கிங் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இங்கே வந்திருக்கும் இஞ்சின் பட்டறைக்காரர்கள், தாங்கள் பொருத்திக் கொடுக்கும் ஒவ்வொரு கியர்பெட்டிக்கும், அதன் தயாரிப்பாளர் பாய் ஓட்டத்துக்கென்று விதித்த நிலை எதுவோ அதைத் தெளிந்த தமிழில் ஒரு தகட்டில் பொறித்து, கியர் கோலுக்கு அருகே, இரவில் கைவிளக்கு படும் இடத்தில் ஆணியடித்துத் தரவேண்டும். தயாரிப்பாளரின் விளக்கப் புத்தகம் உரிமையாளரின் பெட்டியில் கிடக்கும். தகடு சுக்கான் பிடிப்பவன் கண்முன் இருக்கும். மூன்று வகைப் பெட்டிக்கும் மூன்று வாசகங்களை எழுதி அவைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டுவோர் அவரிடம் பெற்றுக்கொள்ளலாம்.